பாம்பன் மணலில் ஒரு வயிற்றெரிச்சல்

பாம்பன் கடற்கரையில் அன்று சாயங்காலம் ஒரு கூட்டமே மேற்கே பார்த்துக்கொண்டு நின்றது. பாதிப்பேர் ஊர்க்காரர்கள், மீதி எங்கள் கல்லூரிக் கால்பந்துக் குழு. சூரியன் ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. அடிவானத்தில் மேகம் திட்டுத் திட்டாக நின்றது. கருவாட்டு வாடையும் பள்ளிவாசல் பக்கமிருந்து நோன்புக் கஞ்சி வாசனையும் மாறி மாறி வந்தன.

ரம்ஜான் மாதத்தின் இருபத்தொன்பதாம் நோன்பு முடிந்திருந்தது. பிறை தெரிந்துவிட்டால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு பாக்கி.

எங்கள் கேப்டன் சேவியர் பிறை தெரியக்கூடாது என்று சிலுவை போட்டுக்கொண்டான். நான், முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய்க்காட்டுக்காரன், பிறை தெரிந்தே ஆகவேண்டும் என்று எங்கள் குலசாமியை வேண்டிக்கொண்டு நின்றேன். பெருநாள் பிறைக்காக அவ்வளவு உருகிய இந்துப் பையன் அந்தக் கரையில் அதற்கு முன்னும் நின்றிருக்க மாட்டான், பின்னும் நின்றிருக்க மாட்டான்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே ஆள்தான். காதர்.

மறுநாள் அதே பாம்பனில் கோப்பையின் கடைசி ஆட்டம். மதுரைக் கல்லூரி ஒன்றோடு மோதுகிறோம். பெருநாள் என்றாகிவிட்டால் காதர் ராத்திரி ரயிலைப் பிடித்து ஊருக்குப் போய்விடுவான். முன்கூட்டியே சொல்லிவிட்டான். "பெருநாளன்னைக்கு உம்மா மொகத்துல முழிக்காம நா இருக்கமாட்டேன். கோப்பையும் வேணாம், ஒண்ணும் வேணாம்." அவன் போனால் நடுவில் ஆடுகிற இடம் எனக்கு வரும். போகாவிட்டால் நான் ஓரத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.

நடு யாருடையது

போன வாரம் இந்தத் தொடரில் விடுதிச் சமையலைத் திட்டித் தீர்த்துவிட்டு நிறுத்தினேன். அதே விடுதியில் சமையல்காரர் ஒருவனுக்கு மட்டும் பெரிய மீன் துண்டாகப் பார்த்துப் போடுவார் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அவன்தான் காதர். பெயரை அங்கேயே சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. தனுஷ்கோடிக்கு ரயில் போய்க்கொண்டிருந்த காலம். எங்கள் கல்லூரி புதிது. கட்டடத்தைவிட மைதானம்தான் பெரிது. அந்த மைதானத்தில் முதல் வருஷம் முழுக்க சென்டர் ஃபார்வர்டு நான். பந்து எங்கே சுற்றினாலும் கடைசியில் என் காலுக்கு வரும். கோல் போட்டால் என் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். இருபது வயதுக்காரனுக்கு அதைவிடப் போதை வேறென்ன இருக்கிறது?

இரண்டாம் வருஷம் கீழக்கரையிலிருந்து காதர் வந்து சேர்ந்தான். அவனுடைய வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தார். முதல் நாள் மைதானத்துக்குக் கொழும்பிலிருந்து வந்த புது பூட்ஸோடு வந்தான். நாங்கள் எல்லோரும் வெறுங்கால். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பணக்கார வீட்டுப் பிள்ளை, திமிர் பிடித்தவன், நாலு நாளில் எல்லோருக்கும் பிடிக்காமல் போய்விடுவான் என்று கணக்குப் போட்டேன்.

அவன் எங்கள் கால்களைப் பார்த்தான். கீழே உட்கார்ந்தான். பூட்ஸைக் கழற்றி வேலிக்குப் பக்கத்தில் வைத்தான். அந்த வருஷம் முழுக்க அதைத் திரும்பப் போடவே இல்லை.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு எரிச்சல். கெட்டவனைப் பார்த்துப் பொறாமைப்படுவது சுலபம், நாலு பேரிடம் சொல்லியாவது ஆற்றிக்கொள்ளலாம். நல்லவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யாரிடம் சொன்னாலும் நம்மைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ஒரு மாதத்துக்குள் டிரில் மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "சண்முகம், நீ நல்லா ஓடுறவன். ஓரம்தான் ஒனக்குச் சரியா வரும்" என்றார். ரைட் அவுட். நன்றாக ஓடுகிறவன் என்று சொல்லித்தான் என்னை ஓரத்துக்கு ஓட்டினார்கள்.

எங்கள் குடும்ப நோய்

இந்த இடத்தில் எங்கள் வம்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வயிற்றெரிச்சல் எங்கள் வீட்டில் பரம்பரையாக வருவது. என் அய்யாவும் அவருடைய பெரியப்பா மகனும் பல வருஷம் பேசாமல் இருந்தார்கள். வரப்புத் தகராறா, சொத்துத் தகராறா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஒன்றும் கிடையாது. ஒரு வருஷம் அவர் களத்தில் காய்ந்த மிளகாய் எங்கள் களத்து மிளகாயைவிடச் சிவப்பாக இருந்தது, அவ்வளவுதான். அய்யா அந்த வழியாக நடப்பதையே விட்டுவிட்டார். சுற்றிக்கொண்டு கண்மாய்க்கரை வழியாகப் போவார்.

அப்படிப்பட்ட மனிதர் அடுத்தவன் பிள்ளையைப் புகழ்ந்து ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. என்னையும் புகழ்ந்ததில்லை, அது வேறு விஷயம்.

முதல் வருஷப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவரிடம் பெருமை அடித்தேன். "அய்யா, டீமே என்னயச் சுத்தித்தான் ஆடுது. நடுவுல நிக்கிறவன் நாந்தான்" என்றேன்.

அய்யா மாட்டுக்குக் கூளம் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். "நடுவுல நின்னாப் போதுமா? ஒரு நா வந்து பாக்குறேன். பாத்துட்டுத்தான் சொல்லுவேன். சும்மா ஓடித் திரியிறேன்னா, பந்தத் தூக்கிப் போட்டுட்டு ஒழுங்காப் படி. இல்லேன்னா மெளகாக்காட்டுக்கு வந்துரு" என்றார்.

அந்த ஒரு நாள் வராது என்றுதான் நினைத்திருந்தேன். அய்யாவுக்குக் காட்டைவிட்டு நகர நேரம் ஏது? ஆனால் கோப்பையின் கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன் என்று ஊர்ப் பையன் ஒருவனிடம் சொல்லி அனுப்பிவிட்டார். மிளகாய்ப் பழம் எடுக்கிற நேரத்தில், காட்டை ஆள் கூலிக்கு விட்டுவிட்டு, பஸ் ஏறி ரயில் ஏறி வருகிறார். வந்து பார்த்தால் மகன் கோட்டோரம் நிற்பான். நடுவில் காதர் நிற்பான்.

என் பயமெல்லாம் அதுதான். ஓரத்தில் நிற்கிற என்னைப் பார்த்தால், சொன்னதெல்லாம் புளுகு என்று முடிவு கட்டிவிடுவார். அதோடு என் கால்பந்து முடிந்தது.

அந்த வருஷத்து ஆட்டங்கள்

அந்த சீசனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் புளித்த ஏப்பம்தான் வருகிறது. ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் வற்றிய கண்மாய்க்குள் ஓர் ஆட்டம் நடந்தது. கருவேல முள் குத்திப் பந்து இரண்டு முறை காற்றுப் போனது. மூன்றாவது பந்து வந்ததும் காதர் கோல் போட்டான். காரைக்குடிப் பக்கம் ஓர் ஆட்டம், மழைத் தூறலில் நடந்தது. காதர் கோல் போட்டான். நான் கொடுத்த பந்தில் போட்டான் என்பதை எங்கள் கல்லூரியில் யாரும் கவனிக்கவில்லை. அவன் மட்டும் கவனித்தான். ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "மாப்புள, ஒன் பந்துடா அது!" என்று கத்தினான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ரம்ஜான் மாதம் வந்ததும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பவன் சாயங்காலம் எப்படி ஓடுவான்? அரையிறுதி ஆட்டம் நோன்போடுதான் ஆடினான். உதடு வெடித்திருந்தது. எச்சில்கூட விழுங்காமல் ஓரமாகத் துப்பிவிட்டு ஓடினான். இரண்டு கோல். ஆட்டம் முடிந்து பாங்கு சொல்கிறவரைக்கும் மணலில் மல்லாந்து கிடந்தான். சுற்றிலும் எல்லோரும் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள். நான்கூட விசிறினேன். கை வலித்தது.

பிறை

மறுபடி பாம்பன் கரைக்கு வருகிறேன்.

ஊர்ப் பள்ளிவாசல் லெப்பை பெரியவர் கையை நெற்றிக்குக் குடையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காதர் பேரீச்சங்கொட்டையை வாயில் ஒதுக்கிக்கொண்டு என் பக்கத்தில்தான் நின்றான். மேகம் நகர்ந்தது, மூடியது, மறுபடி நகர்ந்தது.

எங்கள் ஊர் பொட்டல். எந்த வரப்பில் யார் ஆடு வாய் வைக்கிறது என்று அரை மைலுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துச் சத்தம் போட்டுப் பழகிய கண் என்னுடையது. கப்பலுக்கு வழிவிடப் பாலத்தில் திறந்து தூக்குகிற பகுதிக்கு மேலே, ஒரு மேகத்துக்கும் இன்னொரு மேகத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டது. அதில் நகத்தால் கீறினது போல ஒரு வெள்ளைக் கோடு.

"அந்தா பிறை! அந்தா, அங்கன, பாலத்துத் தூக்குக்கு மேல!" என்று கத்தினேன்.

எல்லாத் தலையும் திரும்பியது. திரும்பின நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. என் அதிர்ஷ்டம் எப்போதும் அப்படித்தான்.

"எங்க? எங்க?" என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. நான் விரலை நீட்டியபடியே நின்றேன். விரல் நீண்டிருந்ததே தவிர அதன் நுனியில் ஒன்றுமில்லை.

முதலில் சிரித்தவன் சேவியர். "சம்முவத்துக்கு நாளைக்கு சென்டர்ல ஆடணும்ல, அதான் பிறை அவன் கண்ணுக்கு மட்டும் தெரியுது." குழு மொத்தமும் சிரித்தது. ஊர்க்காரர்களுக்கு விஷயம் விளங்கவில்லை. யாரோ விளக்கிச் சொன்னார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

லெப்பை மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, நீங்க பாத்திருக்கலாம். பாக்கலேன்னு நா சொல்லல. ஆனா பெருநாளுக்கு எங்காளுக கண்ணால கண்டு பள்ளில வந்து சாட்சி சொல்லணும். ஒங்க சொல்ல வச்சு ஊரு நோன்ப விட முடியாதுல்ல?" என்றார்.

"சத்தியமாப் பாத்தேன் பாய்" என்றேன். பொறாமைக்காரன் என்று பெயர் எடுத்துவிட்டால் உண்மையைச் சொல்லக்கூட உரிமை போய்விடுகிறது.

காதர் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கேலி இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தான். கடைசியில் லெப்பை சொன்னபடிதான் நின்றான். மறுநாளும் நோன்பு. அவன் ரயில் ஏறவில்லை.

அய்யா வந்தார்

பாம்பன் மைதானம் என்பது கடலை ஒட்டின வெறும் மணல்தான். கோல் கம்பத்துக்குப் பழைய பாய்மரத்தை நட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மீன் காயப்போட்ட ஓலைப் பாய்கள், மறுபக்கம் கூட்டம்.

அய்யா நாலு முழ வேட்டியும் தோளில் துண்டுமாக, கையில் பித்தளைத் தூக்கோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். எனக்காகக் கருப்பட்டியும் எலுமிச்சையும் போட்டுப் பானகம் கரைத்துக்கொண்டு வந்திருந்தார். தூக்கின் வாயைத் துணியால் கட்டி, பஸ்ஸிலும் ரயிலிலும் மடியைவிட்டு இறக்காமல் கொண்டு வந்தாராம். அதைச் சொல்லும்போது சிரிக்கக்கூட இல்லை. இந்த மனிதர் எனக்காக ஒன்றைச் சுமந்து வந்து நான் பார்த்ததே கிடையாது.

"இப்பக் குடிக்கிறியா?"

"பாதி ஆட்டத்துல குடிக்கிறேன் அய்யா."

"நீ எங்கன நிப்ப?"

நான் மைதானத்துக்குள் ஓடிவிட்டேன்.

ஆட்டம் தொடங்கியது. எடுத்த எடுப்பிலேயே மதுரைக்காரர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். அவர்களுக்கு மணலில் கால் புதைந்தது, இருந்தாலும் நன்றாகத்தான் ஆடினார்கள். எனக்குப் பந்தே வரவில்லை. ஒரே ஒரு பந்து வந்தது. அய்யா பார்க்கிறாரே என்ற வேகத்தில் எட்டி உதைத்தேன். அது கருவாட்டுப் பாயில் போய் விழுந்தது. மீன் காயப்போட்ட அம்மா என் பரம்பரையைத் திட்டினாள். கூட்டம் சிரித்தது. அய்யா சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு காதர் பந்தை எடுத்தான். முப்பதாம் நோன்போடு, நல்ல வெயிலில், வறண்ட வாயோடு, மணலில். ஒருவனைத் தாண்டினான். இன்னொருவனைத் தாண்டினான். கோல்கீப்பரை இந்தப் பக்கம் சாய்த்துவிட்டு அந்தப் பக்கம் தட்டினான். சமன்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து நின்று தொடையில் தட்டி, "ஆஹா, என் ராசா!" என்று கத்தினார். பார்த்தால் என் அய்யா. அடுத்தவன் களத்து மிளகாய் சிவந்ததற்கு ஊரைச் சுற்றிப் போகிற மனிதர். எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்தது.

நகரா

பாதி ஆட்டம் முடிந்து நாங்கள் ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தோம். அப்போது பள்ளிவாசலில் நகரா அடித்தது.

நோன்பு திறக்கும் நேரத்துக்கும் பெருநாளுக்கும் அடிக்கிற பெரிய முரசு அது. வெயில் இன்னும் சாயவில்லை. பொழுது இறங்க வெகு நேரம் இருக்கிறது. கூட்டத்தில் இருந்த முஸ்லிம்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நகரா நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது.

லெப்பை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடி வந்தார். "நோன்ப விடுங்கப்பா! நேத்தே பிறை கண்டிருச்சு! தோணிக்காரங்க இப்பத்தான் கரைக்கு வந்தாங்க. நம்ம ஆளுக. நேத்து பொழுது அடஞ்சு மஃரிபுக்குக் கடலுக்குள்ள வச்சுக் கண்டிருக்காங்க, பள்ளில சாட்சியும் சொல்லிட்டாங்க. இன்னிக்குத்தான் பெருநாள். இன்னிக்கு நோன்பு இருக்கக் கூடாது. பெருநாள் தொழுகை நேரம் போயிருச்சு, அத நாளைக் காலைல வச்சுக்குவோம்."

கூட்டம் கலகலத்தது. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் பீடியைப் பற்றவைத்தார். சிறுவர்கள் சோடாக் கடைக்கு ஓடினார்கள்.

லெப்பை என்னைத் தேடிக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். "தம்பி, பாலத்துத் தூக்குக்கு மேலன்னு நீங்க சொன்னீங்கள்ல, தோணிக்காரங்களும் அதே பக்கத்தத்தான் காட்டுறாங்க. நீங்க பாத்தது நெசம்."

சேவியர் தலையைச் சொறிந்தான். எனக்கு நெஞ்சு விம்மியது. அய்யாவுக்கு முன்னால், ஊருக்கு முன்னால், என் சொல் மெய்யாகிவிட்டது. அய்யா எழுந்து தூக்கை எடுத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தார். நான் கையை நீட்டினேன்.

அய்யா என்னைத் தாண்டிப் போனார்.

"ஏப்பா, தண்ணி குடிக்காமயா இம்புட்டு ஓட்டம் ஓடுன?" என்று காதரிடம் கேட்டார்.

"ஆமாங்கய்யா. நோன்பு."

"எப்பருந்து?"

"விடியக்கு முன்னால இருந்து."

தண்ணீருக்கு மூன்று மைல் நடக்கிற ஊர் எங்களுடையது. ஒருவன் தண்ணீரே குடிக்காமல் வெயிலில் ஓடினான் என்றால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தூக்கின் துணியை அவிழ்த்தார். "குடி அப்பு. மெல்லக் குடி."

காதர் பிஸ்மில்லா சொல்லிவிட்டு வாய் வைத்தான். அவனுடைய குரல்வளை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்காகக் கரைத்த பானகம். எனக்காக மடியில் வைத்துக் கொண்டுவந்த பானகம். பாதியில் நிறுத்திவிட்டு அவன் என்னைப் பார்த்தான். "மாப்புள, நீ குடிச்சியா? இந்தா."

"நீ குடிப்பா" என்றார் அய்யா. "அவனுக்கு என்ன, காலைல ஓட்டல்ல ஏழு இட்டிலி தின்னுருக்கானாம்."

காதர் தூக்கைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு சேவியரைக் கூப்பிட்டான். "நேத்து இவன நாம யாரும் நம்பல. நம்பியிருந்தா நா இப்ப ஊருல இருப்பேன், நடுவுல இவந்தான் ஆடுவான். அவன் எடத்த அவனுக்குக் குடு. ரயிலு ராத்திரிதான், அதுவரைக்கும் நா ஓரத்துக்குப் போறேன்."

வேண்டாம், உன் பிச்சை எனக்கு எதற்கு என்று சொல்லியிருந்தால் என்னைப் பற்றி இங்கே பெருமையாக எழுதிக்கொள்ளலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. நேரே போய் நடுவில் நின்றுகொண்டேன். அய்யா பார்க்கிறாரா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். காலித் தூக்கை வைத்துக்கொண்டு ஓரத்தில் நிற்கிற காதரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாதி

நான் நின்ற அரை ஆட்டம் முழுக்கப் பந்தே எட்டிப் பார்க்காத அந்த ஓரம், காதர் போனதும் உயிர் பெற்றுவிட்டது. பந்துக்காக அவன் காத்து நிற்கவில்லை. உள்ளே வந்து பறித்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடினான். ஓரத்திலிருந்து எனக்குக் கொடுத்தான். ஒன்றை வெளியே அடித்தேன். ஒன்றைக் கம்பத்தில் அடித்தேன். ஒன்றைக் கோல்கீப்பர் கையில் பத்திரமாகக் கொடுத்தேன். அவன் சளைக்காமல் கொடுத்துக்கொண்டே இருந்தான். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆட்டம் முடிகிற நேரம். கோட்டை ஒட்டி ஓடிவந்து, விழுந்துகொண்டே, காதர் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டான். அது என் முன்னால் மணலில் விழுந்து, இதோ உதை என்று கேட்டுக்கொண்டு எழுந்தது. உதைத்தேன். பாய்மரக் கம்பங்களுக்கு நடுவே போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் விசில் ஊதினார்கள். கோப்பை எங்களுக்கு.

சேவியரும் மற்றவர்களும் என்னைத் தோளில் தூக்கினார்கள். "சம்முவம்! சம்முவம்!" என்று ஒரு வருஷமாக நான் கேட்க ஏங்கின சத்தம். தோளின் மேலிருந்து அய்யாவைத் தேடினேன். முன்வரிசையில் காணவில்லை.

கோட்டோரம் இருந்தார். விழுந்த இடத்திலேயே காதர் கிடந்தான். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது. அய்யா மணலில் மண்டி போட்டு, அவன் பாதத்தைத் தன் மார்பில் முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். காலைத் தொடுவதென்றால் சாமி கும்பிடுவதற்கு மட்டும்தான் என்று இருந்தவர் அவர். எனக்கு ஜுரம் வந்தால்கூட வாசலிலிருந்து விசாரித்துவிட்டுப் போவார்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏலே சம்முவம், எறங்கி வா" என்றார்.

இறங்கினேன். கோல் போட்டதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

"நீ ஆடு. நா வேணாங்கல" என்றார். கை நீவுவதை நிறுத்தவில்லை. "ஆனா இந்தப் பிள்ளகூட ஆடு. இவன் இல்லாம ஆடாத." தூக்கைத் தள்ளினார். "போ, தண்ணி கொண்டா. பிள்ளைக்கு நாக்கு வறண்டு போச்சு."

காதர் வலியில் முகத்தைச் சுருக்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான். "நல்ல கோலுடா மாப்புள" என்றான்.

கோப்பை வென்ற கோலைப் போட்டவன், தூக்கை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனேன். பின்னால் என் பெயரைச் சொல்லி இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். மைதானத்தை ஒட்டியே ஒரு கிணறு இருந்தது. வாளியை இறக்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்பு. கரித்தது. அந்தக் கரையில் கிணற்றுத் தண்ணீர் அப்படித்தான். இதையே கொண்டுபோய்க் கொடுத்தால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. தூக்கைக் கிணற்றுச் சுவரில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வாளித் தண்ணீரைக் கீழே கொட்டினேன்.

நல்ல தண்ணீர் ரயில் நிலையத்துக் குழாயில்தான் வரும். மணலில் அது நீண்ட நடை. போகிற வழியெல்லாம் காதரைத் திட்டிக்கொண்டே போனேன். குழாயில் குடங்கள் வரிசையாக இருந்தன. கடைசியில் போய் நின்றேன்.

முன்னால் நின்ற அம்மா என் மேலிருந்த மணலைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஆட்டம் முடிஞ்சிருச்சா? யாரு கெலிச்சது?" என்று கேட்டாள்.

"நாங்கதான்."

"கோலு போட்டது யாரு?"

"நாந்தான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப இங்கன வந்து எதுக்கு நிக்கிறே?"

"எங்கய்யா தண்ணி கேட்டாக" என்றேன்.

தன் குடத்தை நகர்த்திவிட்டு, அடுத்தவளையும் நகரச் சொல்லி, எனக்கு வழி விட்டாள். நான் தூக்கைக் குழாய்க்கு அடியில் வைத்தேன்.